பதினொரு யூரோவுக்குக் காற்று

இருக்கைக்கு இரண்டு போல்ட்,
பக்கத் தகட்டுக்கு ஒன்று.
அதற்கும் உள்ளே கறுப்பாய் ஒரு பிளாஸ்டிக் பெட்டி,
அதன் வாயில் ஒரு ரப்பர் மூக்கு.
இரண்டு விரல் நுழையும், மூன்றாவது நுழையாது.
அறுபத்தேழு குதிரைகளும்
இந்த ஒற்றை மூக்கால்தான் மூச்சு வாங்க வேண்டுமாம்.

கொட்காவில் ஏப்ரல்.
துறைமுகத்தில் பனிக்கட்டி நெரிபடும் சத்தம்
காரேஜ் வரை கேட்கிறது.
விடிய விடியக் காகித உருளைகளைக் கப்பலேற்றிவிட்டு
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிக்கொண்டு
வண்டிமுன் குந்தியிருக்கிறேன்.

போன செப்டம்பரின் கடைசி ஓட்டத்தில்
எண்பதைத் தாண்ட மறுத்துவிட்டது.
முறுக்க முறுக்க
மாடிப்படியில் நின்றுவிட்ட ஆள்போல ஒரு திணறல்.
குளிர்காலம் முழுக்கக் குற்றப்பத்திரிகை எழுதினேன்:
சத்தச் சட்டத்துக்குப் பயந்த தொழிற்சாலை
பிறக்கும்போதே வண்டியின் மூக்கைப் பிடித்துவிட்டது.

பளபளப்பான கிட் நானூற்று நாற்பது யூரோ.
நான் வாங்கியது ஒன்பது யூரோவுக்கு இரண்டு மெயின் ஜெட்,
இரண்டு யூரோவுக்கு ஒரு பொட்டலம் வாஷர்.
வட்டத் துளை போடும் ரம்பம்
கிரேன் ஓட்டும் என்சியோவிடம் இரவல்.
அவனும் கூடவே வந்துவிட்டான்,
ரம்பத்தை நம்பினாலும் என்னை நம்பவில்லை.

பெட்டியைத் திறந்தோம்.

உள்ளே ஒரு வீடு.
இருக்கையிலிருந்து கொறித்த மஞ்சள் நுரை,
பிர்ச் விதை,
ஜோடி தேடித் தேடி அலுத்த என் காலுறையின் நீல நூல்,
நடுவில், ஒரு வால்நட் அளவுக்கு,
யாரோ உறங்கி எழுந்துபோன குழி.

என்சியோ தரையில் உட்கார்ந்து சிரித்தான்.
இல்மா என்றால் எங்கள் மொழியில் காற்று.
“இல்மாவின் இல்மாவை எலி அடைத்துவிட்டதே!”
இதைத் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டான்.

நுரையை வாரி எறிந்துவிட்டு
மூக்கை அப்படியே மாட்டி ஸ்டார்ட் செய்தேன்.
பாலத்தைத் தாண்டி நூற்றுப் பத்து.
இருமல் இல்லை, இழுப்பு இல்லை.
தொழிற்சாலைமேல் போட்ட வழக்கு தள்ளுபடி.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம்தான்.
ஆனால் ரம்பம் கையில் இருந்தது.

மூக்கை உருவி எடுத்தேன்.
மூடியில் ஒரு வட்டம், பக்கத்தில் இன்னொரு வட்டம்.
பிளாஸ்டிக் சுருள் பனிபோலச் சட்டைக்குள் விழுந்தது.
துளைகளின் மேல் சமையலறைத் தேநீர் வடிகட்டிகளைக்
கம்பிபோட்டுக் கட்டினேன், எலிக்கு முன்னெச்சரிக்கை.

இனி காற்று ஏராளம், பெட்ரோல் பழைய அளவு.
கைப்பிடியை விட்டதும் பட்பட் என்று வெடித்தது,
பிளக் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.
அள்ளிக் கொடுத்தால் போதாது, அளந்து கொடுக்க வேண்டும்;
பெரிய ஜெட்,
ஊசிக்கு அடியில் வாஷர், முதலில் இரண்டு,
பிறகு ஒன்று,
(அந்த இன்னொன்று உருண்டு எங்கோ போய்விட்டது,
ஒரு மணி நேரம் தரையில் காதை வைத்துத் தேடினேன்)
பிறகு மீண்டும் இரண்டு.
மூன்றாம் நாள் பிளக்
காப்பியில் நனைத்த பிஸ்கட் நிறத்தில் வந்தது.
அதைக் கைக்குட்டையில் மடித்து வேலைக்கு எடுத்துப்போய்
உணவு இடைவேளையில் காட்டினேன்.
யாருக்கும் புரியவில்லை.

ஹமினாவரை நானும் அவனும் நேரம் பார்த்தோம்.
முன்பைவிட இரண்டு வினாடி மிச்சம்.
அது பின்காற்று என்றான் என்சியோ.
இருக்கலாம்.
ஆனால் மேட்டில் முறுக்கும்போது
தொடைக்கு அடியில் யாரோ
நெஞ்சு நிறைய இழுத்து
ஏதோ சொல்லத் தொடங்குவதுபோல ஒரு குரல்.
அதை எந்தக் கடிகாரமும் எண்ணாது.

கழற்றிய மூக்கு அலமாரியில் இருந்தது,
பரிசோதனை நாளில் திரும்ப மாட்டுவதற்கு.
அக்டோபரில் கையில் எடுத்தேன்.
லேசாக இல்லை.
ஒரு முனையில்
மஞ்சள் நுரை.